ஏழைக்கு ஒரு ஓஎஸ்

2025 அக்டோபர் 14-ஆம் தேதி எண்ணூரில் எந்தக் கம்ப்யூட்டரும் அதனால் பழுதாகவில்லை. திருவொற்றியூரிலும் இல்லை, ராயபுரத்திலும் இல்லை. முந்தின நாள் இரவு ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் போனவர்கள் மறுநாள் காலை வந்து சுவிட்சைப் போட்டார்கள். வழக்கமான இரைச்சலோடு, ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரத்தை எடுத்துக்கொண்டு, அதே திரை வந்தது. ஆனால் அன்றோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்றால் விண்டோஸ் 11 ஜாதகப் பொருத்தம் கேட்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இன் பிற்பகுதியில். அதற்கு முன் வாங்கிய பெட்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் பட்டியலில் இடமில்லை. இப்படி 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023-லேயே கணக்குச் சொன்னது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஒரு நீட்டிப்பு உண்டு. தூக்குத் தேதியைத் தள்ளிவைத்ததற்கு நன்றி சொல்லிக்கொள்ளலாம்.

திருவொற்றியூரில் 1950களில் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கிய ஆலை இருக்கிறது. முப்பது, நாற்பது வருடத்துக்கு முந்திய புல்லட்டுகளை இன்றும் எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் பிரித்துக் கோர்த்து ஓட்டிக் காட்டுகிறார்கள். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜினை எத்தனையாவது தடவை இறக்கி ஏற்றுகிறோம் என்று யாரும் எண்ணுவதில்லை. லேத் பட்டறைக்குப் போனால் கிடைக்காத பாகத்தைக் கடைந்து கொடுப்பார்கள். பொருள் எப்போது செத்தது என்பதை அதை வைத்திருப்பவரும் ரிப்பேர் செய்பவரும் சேர்ந்து முடிவு செய்யும் ஊர் இது. கணினிக்கு மட்டும் அந்த முடிவு வாஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்டில் எடுக்கப்படுகிறது. நாமும் ‘அப்டேட் வரலியாம்பா, புதுசு வாங்கணும்’ என்று வானிலை அறிக்கை படிப்பதுபோலச் சொல்லிவிட்டு நகர்கிறோம். புல்லட்காரரிடம் பெட்ரோல் பங்கில் போய், ‘உங்க வண்டி பழைய மாடல், இனிமே பெட்ரோல் கிடையாது’ என்று சொல்லிப் பாருங்களேன்.

சாகடிக்கப்பட்ட பெட்டி எங்கே போகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது. அதில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்கிறது ஐ.நா.வின் கணக்கு. மிச்சம் ஏதோ ஒரு ஊரின் புறத்தில் செம்புக்காக எரிக்கப்படும், அல்லது புதையும். கொடுங்கையூர்க் குப்பைமேடு தென்சென்னையில் இல்லை. ஊருக்குக் கரண்ட், எங்களுக்குச் சாம்பல் என்ற ஏற்பாட்டை எண்ணூரில் பல தலைமுறையாகப் பார்த்து வருகிறோம். ஓஎம்ஆரில் ‘லேப்டாப் ரிஃப்ரெஷ்’ என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் திருவிழாவின் எச்சில் இலையும் வடக்கு நோக்கித்தான் வரும்.

இதற்கெல்லாம் ஒரே பதில் இருப்பதாக நினைக்கும் நண்பர்கள் எனக்கு நிறைய. ‘லைட்வெயிட் லினக்ஸ் போடு, முடிஞ்சுது.’ பழைய கணினிக்கு இலகுவான இயங்குதளம் போட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. அதைச் சொல்லும் விதத்தோடும், யாருக்காகச் சொல்கிறோம் என்பதை மறந்துவிட்டுச் சொல்வதோடும்தான் என் சண்டை.

*

முதலில் ஒரு பொய்யை ஒதுக்கிவிடலாம். பழைய கணினி மெதுவாகிவிட்டது என்கிறோம். அது மெதுவாகவில்லை. 2011-இல் ஒரு நொடியில் எத்தனை கணக்குப் போட்டதோ, விசிறியில் தூசி அடைக்காதவரை, இன்றும் அத்தனை கணக்குப் போடுகிறது. நாம் அதன் முதுகில் ஏற்றும் மூட்டைதான் பெருத்துவிட்டது. ஏற்றியவர்கள் என் தொழில்காரர்கள்.

2011 வாக்கில் சராசரி இணையப் பக்கம் ஒன்று சுமார் அரை எம்பி. இன்று இரண்டரை எம்பியைத் தாண்டிவிட்டது. உள்ளே இருக்கும் செய்தி ஐந்து மடங்கு ஆகவில்லை. கண்காணிப்பு நிரல்கள், விளம்பரம், ஒரு பொத்தானைக் காட்ட இழுத்துவரப்படும் நூலகங்கள் இவையே ஐந்து மடங்கு ஆயின. வன்பொருள் வேகமாவதைவிட மென்பொருள் விரைவாக மந்தமாகிறது என்று நிக்லாஸ் விர்த் 1995-இலேயே எழுதினார். பாஸ்கல் மொழியைத் தந்த மனிதர், சொன்னதைக் கேட்டிருக்கலாம். முப்பது வருடமாக அந்த வாக்கியத்தை மேற்கோள் காட்டிக்கொண்டே அதையே செய்துவருகிறோம். 32 ஜிபி ரேம் உள்ள மேக்புக்கில், ஏ.சி. அறையில், ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்து எழுதி, ‘என் மெஷின்ல நல்லா ஓடுதே’ என்று சொல்லும் ஒரு இனம் நாங்கள்.

இதற்கு அழகான சாட்சி ஒன்று உண்டு. டாம் ஸ்மால் லினக்ஸ் என்று ஒரு இயங்குதளம் 2000களில் இருந்தது. மொத்தமே 50 எம்பி. விசிட்டிங் கார்டு அளவுள்ள குட்டி சிடியில் அடங்கும். பல வருடத் தூக்கத்துக்குப் பின் 2024-இல் அதை மீண்டும் கொண்டுவந்தார் ஜான் ஆண்ட்ரூஸ். இப்போதைய இலக்கு 700 எம்பிக்குள், அதாவது ஒரு முழு சிடிக்குள் அடக்குவது. சிறுமையையே விரதமாக வைத்திருந்த மனிதருக்கே பதினான்கு மடங்கு இடம் தேவைப்படுகிறது. இன்றைய இணையத்தைத் திறக்கக்கூடிய பிரவுசர் வேண்டும் என்றால் இனி 50 எம்பியில் கதை நடக்காது.

‘எந்த டிஸ்ட்ரோ லைட்?’ என்று விடிய விடிய நடக்கும் விவாதங்கள் எனக்குச் சலிப்பு தருவது இதனால்தான். லுபுண்டுவா, சுபுண்டுவா, மின்ட் எக்ஸ்எஃப்சிஇயா, ஆன்டிஎக்ஸா, பப்பியா? திரை வந்ததும் 400 எம்பி தின்கிறதா 600 எம்பி தின்கிறதா? ஸ்கிரீன்ஷாட் போட்டு, நூறு எம்பி மிச்சம் பிடித்ததைப் பரம்பரைச் சொத்தை மீட்டதுபோலக் கொண்டாடுவார்கள். பிறகு ஒரு அரசுத் தளத்தைத் திறந்தால் அந்த ஒரு டேப் மட்டும் அந்தச் சேமிப்பு முழுவதையும் ஒரே வாயில் விழுங்கி ஏப்பம் விடும். கல்யாண வீட்டில் உப்பைச் சிக்கனம் பிடித்த கதை.

*

வடசென்னையில் பழைய கணினிகள் என்ன வேலை செய்கின்றன என்று இந்த நண்பர்களில் எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்? துறைமுகத்தைச் சுற்றி ஒரு உலகம் இருக்கிறது. ராயபுரத்திலும் மண்ணடியிலும் கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகங்கள், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் சரக்குப்பெட்டக நிலையங்கள், எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் லாரி புக்கிங் ஆபீஸ்கள். பத்துக்குப் பத்து அறை, ஒரு மேசை, ஒரு பெட்டி, பக்கத்தில் காளிகாம்பாள் படம். அப்புறம் ஜெராக்ஸ் கடைகள், டிடிபி கடைகள், இ-சேவை மையங்கள், டியூஷன் சென்டர்கள். பிறகு வீடுகள். எர்ணாவூரிலோ கத்திவாக்கத்திலோ அண்ணனுக்கு ப்ளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் இன்று தங்கைக்கு வந்திருக்கும் வீடுகள். கடல் உப்புக்காற்றும் கரித்தூளும் எல்லாவற்றின் மீதும் படியும். விசிறியில் கறுப்புக் களிம்பு சேரும். பேட்டரி எப்போதோ செத்து, சார்ஜரில் மட்டும் ஓடும். கரண்ட் போனால் எழுதியது போச்சு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இதில் எத்தனை பெட்டிகள் தண்ணீர் குடித்தனவோ.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவின் கணினியில் ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் இலவசமாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். நல்ல மனசு, நல்ல வேலையும்கூட. பெட்டி முன்னைவிட இரண்டு மடங்கு சுறுசுறுப்பாக எழுந்தது. மூன்றாம் நாள் அக்கா வேறொரு ஆளைக் கூப்பிட்டுப் பழைய விண்டோஸையே போட்டுக்கொண்டார். விசாரித்தபோது சொன்னார்: “ஓடுது தம்பி. நல்லாத்தான் ஓடுது. ஆனா எதுக்கு ஓடுதுன்னுதான் தெரியல.”

இதைவிடத் துல்லியமான மென்பொருள் விமர்சனத்தை நான் படித்ததில்லை. அவர் கடையின் லேசர் பிரின்டர், தமிழ்நாட்டில் பாதி ஜெராக்ஸ் கடையில் பார்க்கக்கூடிய மாடல், லினக்ஸில் அச்சடிக்க மறுத்தது. டிரைவர் தேடி நிறுவுவதற்கு ஒரு சாயங்காலமும் ஒரு பொறியாளரும் வேண்டும். காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் பேஜ்மேக்கரில், பழைய எழுத்துருக்களில், பதினைந்து வருடச் சேமிப்பாக இருக்கின்றன. யூனிகோடுக்கு வராத அந்த எழுத்தை லினக்ஸில் திறந்தால் கட்டம் கட்டமாக ஒரு கெட்ட கனவு வரும். ஒருங்குறியை 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, அரசாணை போட்டுத் தரமாக்கினார்கள். ஆணை போட்டால் அச்சுக்கடை மாறிவிடுமா? கைரேகை வைக்கும் கருவி பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் மனதில் வைத்து எழுதிய சேவையை நம்பி ஓடுவது. கிளியரிங் ஆபீசுக்குப் போனால் டேலி. அது விண்டோஸுக்கு மட்டும். டிஜிட்டல் கையொப்ப யூஎஸ்பி டோக்கன்கள் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு என்றாலும், அதை எடுத்துக் கையொப்பமிடும் மென்பொருள் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று உத்தரவாதம் இல்லை. பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்ய வேண்டிய மதியம் மூன்று மணிக்கு அது முரண்டு பிடித்தால், சுதந்திர மென்பொருளின் நான்கு சுதந்திரங்களை யாருக்கு எடுத்துச் சொல்வது?

ஆகவே ஓஎஸ் தேர்வு ரேமில் தொடங்கக் கூடாது, நாற்காலியில் தொடங்க வேண்டும். அதில் உட்காருபவர் காலையிலிருந்து மாலைவரை எதையெல்லாம் திறக்கிறார், எதை அச்சடிக்கிறார், எதை யூஎஸ்பியில் செருகுகிறார் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். அதற்குப் பிறகு பென்டிரைவை எடுக்கலாம்.

இன்னொன்றையும் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். வடசென்னையில் ஏற்கனவே ஒரு ‘லைட்வெயிட் ஓஎஸ்’ கோலோச்சுகிறது. அதன் பெயர் திருட்டு விண்டோஸ். யாரோ, எந்த நாட்டிலோ, தேவையற்றதையெல்லாம் வெட்டி எறிந்து, அப்டேட்டை அறுத்து, ஆக்டிவேட் செய்து, ‘லைட் எடிஷன்’ என்று தைத்துக் கொடுத்த விண்டோஸ். சில நூறு ரூபாய்க்குப் போட்டுத் தருவார்கள். உண்மையாகவே வேகமாக ஓடும், அதை மறுக்க மாட்டேன். உள்ளே எதை வெட்டினார்கள் என்பது தெரியும். எதைச் சேர்த்தார்கள் என்பதுதான் தெரியாது. அதில்தான் ஊரில் பாதிப் பேரின் ஆதார் ஸ்கேனும், வங்கி பாஸ்புக் முதல் பக்கமும், ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரில் கிடக்கின்றன. விண்டோஸ் 7-இலேயே நின்றுவிட்ட கடைகளும் உண்டு. அங்கே குரோம் பிரவுசர் 109-ஆம் பதிப்போடு 2023 தொடக்கத்தில் உறைந்துவிட்டது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட எந்த ஓட்டையும் அங்கே அடைபடவில்லை. லினக்ஸ் நண்பர்கள் சண்டை போட வேண்டியது ரெட்மண்டோடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய உண்மையான போட்டியாளர் தெருமுனை சர்வீஸ் பையன். அவன் ஜெயிக்கும் காரணம் எளிது. கூப்பிட்டால் வருவான்.

*

இந்தக் கட்டுரைக்கு வைத்த தலைப்புக்கு வருகிறேன். இலகுவான ஓஎஸ் என்றாலே ‘வசதியில்லாதவர்களுக்கு’ என்று ஒரு வால் ஒட்டிக்கொள்கிறது. ரேஷன் அரிசி மாதிரி. இந்த வால் எப்படி முளைத்தது என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது.

2006-ஐ ஒட்டி எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். முதலில் தன் நிறுவனத்தின் மேசைகளில்தான் சூசே லினக்ஸை ஏற்றினார். அதிகாரி தான் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குப் பரிமாறியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். அவர் மாறிப்போனதும் அந்த வேகமும் போனது. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், மூடியில் முதல்வர் படம். உள்ளே இரண்டு இயங்குதளங்கள். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், மற்றது பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ்களிலேயே கடைக்குட்டி, டெஸ்க்டாப் படத்தைக்கூட மாற்ற விடாது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவானது, தமிழ் உட்பட இந்திய மொழிகளைக் கருவிலேயே சுமந்து வந்தது. சில ஆண்டுகளில் இந்தத் திட்டத்தில் ஐம்பது லட்சத்தை ஒட்டிய மடிக்கணினிகள் பிள்ளைகளின் கைக்குப் போயின. உலகத்தில் எத்தனை அரசுகளுக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும்!

என்ன நடந்தது என்று அந்தக் காலத்தில் ப்ளஸ் டூ படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். லேப்டாப் வீட்டுக்கு வந்த வாரமே பக்கத்துக் கடைக்குப் போகும். பாஸை அழித்துவிட்டு முழு விண்டோஸ் போட்டு, கூடவே பத்துப் படமும் ஏற்றித் திரும்பும். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பாடப்புத்தகத்தில் பாஸ் இல்லை, ஆசிரியருக்கு யாரும் கற்றுத்தரவில்லை, தெருவில் அதைத் தெரிந்தவர் இல்லை. அநாதையாக ஒரு பார்ட்டிஷனில் விட்டுவிட்டுப் போனால் அதை யார் வளர்ப்பார்கள்? 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அரசுத் துறைகள் பாஸுக்கு மாறலாம் என்று தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. எத்தனை தாலுகா ஆபீசில் பாஸைப் பார்த்திருக்கிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேரளத்தில் என்ன செய்தார்கள்? 2000களின் நடுவிலேயே ஐடி@ஸ்கூல் திட்டத்தை லினக்ஸுக்குத் திருப்பினார்கள். இன்று அதன் வாரிசான கைட், உபுண்டுவை எடுத்துப் பள்ளிக்கென்று தைத்து, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் ஓட்டுகிறது. அங்கே பாடப்புத்தகம் அந்த மென்பொருளை வைத்து எழுதப்பட்டது. ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி நடந்தது. கெட்டால் கூப்பிட ஆள் வைத்தார்கள். அவர்கள் தேர்ந்த ஓஎஸ் நம்முடையதைவிட மேலானது என்று எந்தப் பொறியாளரும் சொல்ல முடியாது, இரண்டும் டெபியன் வீட்டுப் பிள்ளைகள்தான். நாம் நிறுவினோம், அவர்கள் நடத்தினார்கள்.

‘ஏழைக்கான ஓஎஸ்’ என்ற பட்டம் எவ்வளவு அபத்தம் என்பதற்கு இன்னொரு பக்கத்தையும் பார்க்கலாம். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. நம் பாதுகாப்பு அமைச்சகம் 2023-இல் தன் கணினிகளுக்கு உபுண்டுவிலிருந்து செதுக்கிய ‘மாயா’வைத் தேர்ந்தது. ராணுவ ரகசியத்துக்குப் பொருத்தமான பொருள், எர்ணாவூர்ப் பிள்ளையின் ஹோம்வொர்க்குக்கு வரும்போது மட்டும் இரண்டாம் தரமாகிவிடுகிறது. அந்த வாலை ஒட்டியது தொழில்நுட்பம் இல்லை. ‘உங்களுக்கு இது போதும்’ என்று சொல்லும் குரல் ஒட்டியது. லினக்ஸ் முகாம்களில் அந்தக் குரலை நானே கேட்டிருக்கிறேன். தன்னார்வலர் கையில் புதிய லேப்டாப்பில் எல்லாம் ஓடும். எதிரே இருக்கும் பிள்ளையிடம், ‘டேப் ரெண்டுக்கு மேல திறக்காதம்மா’ என்பார்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். தமிழில் லினக்ஸ் கற்றுத்தர உழைத்தவர்களை நான் மட்டம் தட்டவில்லை. கணியம் மின்னிதழ் 2012 முதல் இலவசமாக எழுதித் தருகிறது. சென்னை லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகள் ஐஐடி வளாகத்தில் மாதம் தவறாமல் கூடியது. என் தலைமுறைக்கு அதெல்லாம் பெரிய கொடை. ஆனால் அடையாற்றுக் கரைக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பேருந்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததே 2021-இல்.

*

சரி, பேசியது போதும், என்னதான் போடச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். என் தீர்ப்பைச் சொல்கிறேன். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

64-பிட், 4 ஜிபி ரேம் உள்ள பெட்டி என்றால் ‘லைட்’ தேடி அலையவே வேண்டாம். சுற்றும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுங்கள். எந்த டிஸ்ட்ரோவும் தராத வேகத்தை அந்த ஒரு ஸ்க்ரூடிரைவர் தரும். பிறகு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விண்டோஸ் பழகிய கைக்குப் பெரிய அதிர்ச்சி இருக்காது. 2025 இறுதியிலிருந்து ஏஐ தரவு மையங்களின் புண்ணியத்தில் ரேம் விலை ஏறியிருக்கிறது. அதனால் ‘8 ஜிபி ஆக்கிடுங்க’ என்று வாய் கூசாமல் சொல்லாதீர்கள். அந்தக் காசு எஸ்எஸ்டிக்கே போகட்டும்.

2 ஜிபி, அதாவது அந்த அரசு மடிக்கணினி என்றால், லுபுண்டு. அல்லது டெபியனில் எல்எக்ஸ்க்யூடி. ஸீ-ரேம் என்ற வசதியை முடுக்கிவிடுங்கள். நினைவகத்தில் இருப்பதையே அமுக்கி வைத்து இடம் பண்ணிக்கொள்ளும், படுக்கைச் சுருளைக் கயிறு போட்டுக் கட்டுவதுபோல. பிரவுசரில் விளம்பரத் தடுப்பானைப் போடுங்கள். இந்த அளவு ரேமுக்கு அது சொகுசு இல்லை, உயிர்மருந்து. தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. லிப்ரே ஆபீசில் அறிக்கை எழுத, பைத்தான் படிக்க, பிடிஎஃப் பார்க்கத் தாராளமாகப் போதும். வாட்ஸாப் வெப்பையும் ஒரு கணக்குத் தாளையும் நம்பி நடக்கும் லாரி புக்கிங் ஆபீசுக்கும் இதுவே போதும்.

32-பிட் பெட்டியிடம் நேர்மையாக இருங்கள். உபுண்டு குடும்பம் அதை எப்போதோ கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அதற்கு நிறுவியே கிடையாது. டெபியன் 12-ஐ 2028 ஜூன் வரை ஓட்டலாம், ஆன்டிஎக்ஸ் இன்னும் கைகொடுக்கிறது. ஆனால் அதில் இன்றைய இணையத்தை ஓட்டலாம் என்று யாருக்கும் ஆசை காட்டாதீர்கள். தட்டச்சு பழக, கிவிக்ஸில் விக்கிப்பீடியாவை இறக்கி இணையமின்றிப் படிக்க வைத்துக்கொள்ளலாம். குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் பற்றிக் கேட்பீர்கள். நன்றாகவே ஓடும், 4 ஜிபி கேட்கும். ஒரு முதலாளி வீட்டிலிருந்து இன்னொரு முதலாளி வீட்டுக்குக் குடிபோவதில் ஆட்சேபம் இல்லையென்றால் போகலாம்.

ஜெராக்ஸ் கடைக்கு? அங்கே லினக்ஸை மட்டும் திணிக்காதீர்கள். பேஜ்மேக்கர் ஓடும் பழைய விண்டோஸ் பெட்டி அப்படியே இருக்கட்டும், ஆனால் அதன் நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். அது இனி அச்சுக்கூடம். அதே பிரின்டரோடு. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவும் மெயிலும் பக்கத்தில் ஒரு 4 ஜிபி லினக்ஸ் பெட்டிக்கு வரட்டும், இணையம் அதற்கு மட்டும். கைரேகைக் கருவியை ஆண்ட்ராய்டு போனில் செருகலாம். இரண்டாவது பெட்டி எங்கிருந்து வரும் என்றால், விண்டோஸ் 11 சேர்க்க மறுத்துத் தள்ளிய பெட்டிகள் இப்போது ரிச்சி தெருவுக்குத்தான் வந்து சேர்கின்றன. கிளியரிங் ஆபீசுக்கு லினக்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். டேலியும் டோக்கனும் அங்கே முதலாளி. அவர்கள் உரிமம் வாங்கிய விண்டோஸோடு நிம்மதியாக இருக்கட்டும், அந்தத் தொழிலுக்கு அந்தச் செலவு தாங்கும். இதைச் சொன்னால் நண்பர்கள் என்னைத் துரோகி என்பார்கள்.

ஆனால் இதெல்லாம் நாம் நம் பக்கத்தில் செய்யக்கூடிய ஒட்டுவேலை. அரசுத் தளம் 2 ஜிபியில் திறக்காது என்றால் எந்த இலகு ஓஎஸ்ஸும் ஒன்றும் செய்ய முடியாது. வருமானச் சான்றிதழோ, சாதிச் சான்றிதழோ, மீனவர் நலவாரிய விண்ணப்பமோ, இதெல்லாம் பெயர், முகவரி, நாலு எண், இரண்டு ஸ்கேன். 1990களின் இணையத்துக்கே போதுமான வேலை. அதைச் செய்ய இன்றைய கணினி திணறுகிறது என்றால் அது கணினியின் வறுமை இல்லை. திறன் குறைந்த கணினியை வைத்திருப்பவர்தான் அந்தச் சான்றிதழுக்கு அதிகம் வருகிறார் என்பதை எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை.

2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அரசு அறிவித்தது. நல்லது, கொடுக்கட்டும். புதியதை வாங்கும் டெண்டரில் பழையதற்கும் நாலு வரி எழுதலாமே. அரசு மையங்களுக்கு வாங்கும் பிரின்டருக்கும், ஸ்கேனருக்கும், கைரேகைக் கருவிக்கும் லினக்ஸ் டிரைவர் இருந்தால்தான் பில் பாஸாகும் என்று ஒரு வரி. பாலிடெக்னிக்கிலும் ஐடிஐயிலும் கணினி பழுதுபார்க்கப் படிக்கும் பையனுக்கு லினக்ஸ் நிறுவவும் பராமரிக்கவும் கற்றுத்தர வேண்டும் என்று ஒரு வரி. கூப்பிட்டால் வரும் அந்த சர்வீஸ் பையன் அப்போதுதான் நம் பக்கம் வருவான். மூன்றாவது வரி, பொதுமக்கள் பயன்படுத்தும் எந்த அரசுத் தளத்தையும் ஒப்படைப்பதற்கு முன் எங்கே சோதிக்க வேண்டும் என்பது. 2011-இல் கொடுத்த மடிக்கணினி ஒன்றாவது எல்காட் கிடங்கில் கிடக்கும். அதைத் தூசி தட்டி, லுபுண்டு போட்டு, திருவொற்றியூரில் ஒரு சாதாரண மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஒரு வருமானச் சான்றிதழ் விண்ணப்பத்தை முதல் கட்டத்திலிருந்து ரசீது வரும்வரை போட்டுக் காட்டட்டும். போகவில்லையா, கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள்.